வெட்டுதலும் விலை பேசுதலும்: ‘ஹேகிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

1. முன்னுரை

ஆங்கிலத்தில் விலை பேசுதலைக் குறிக்கும் சொற்கள் பல உள. ‘ஹேகிள்’, ‘ஹிகிள்’, ‘பார்கெயின்’, ‘சேஃபர்’, ‘டிக்கர்’, ‘நெகோஷியேட்’ என்பன அவற்றுள் சில. இறுதியாகக் கூறப்பட்டதைத் தவிர்த்த ஏனைய சொற்கள் யாவும் தமிழில் பெரும்பாலும் ‘பேரம் பேசுதல்’ என்னும் ஒரே தொடரால் பெயர்க்கப்படுகின்றன. செயலை மட்டும் நோக்கினால் இது பிழையன்று. இருவர் ஒரு பொருளின் விலையில் கருத்து வேறுபட்டு, பேசிப்பேசி ஒரு தொகைக்கு வருவதையே இச்சொற்கள் அனைத்தும் சுட்டுகின்றன. ஆயினும் ஆங்கிலம் பேசுவோர் இவற்றை ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்து வழங்குவதில்லை. மீன் விற்பவரிடம் ஒருவர் செய்வது ‘ஹேகிள்’. இரு நாட்டு அமைச்சர்கள் வணிக உடன்படிக்கைக்காகச் செய்வது ‘நெகோஷியேட்’. அமைச்சர்களின் செயலுக்கு ‘ஹேகிள்’ என்னும் சொல்லை ஒரு செய்தித்தாள் இடுமாயின், அது செய்தியோடு ஒரு தீர்ப்பையும் சேர்த்தே வழங்கியதாகும்.

இத்தகைய தீர்ப்பு ஒரு சொல்லுக்குள் எவ்வாறு குடியேறுகிறது என்பது சொற்பொருளியலில் ஆராயத்தக்க வினா. ‘ஹேகிள்’ என்னும் சொல்லின் பிறப்பு, பொருள் மாற்றம், அதன் உறவுச் சொற்கள், அது தாழ்வுப் பொருள் பெற்ற வரலாற்றுச் சூழல் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழில் பெயர்ப்போரும் அகராதி தொகுப்போரும் இதிலிருந்து கருத்தில் கொள்ள வேண்டியவை இறுதியில் சுட்டப்படுகின்றன.

2. வெட்டுதல் என்னும் மூலப்பொருள்

‘ஹேகிள்’ என்னும் வினைக்கு முதலில் விலையோடு எவ்விதத் தொடர்பும் இல்லை. ‘ஒழுங்கின்றி வெட்டுதல்’, ‘கொத்திச் சிதைத்தல்’ என்பனவே அதன் தொடக்கப் பொருள்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இச்சொல் எழுத்து வழக்கில் காணப்படுகிறது. 1599ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட ‘ஐந்தாம் ஹென்றி’ என்னும் சேக்சுபியர் நாடகத்தில், அஜின்கோர்ட் போர்க்களத்தில் வீழ்ந்த யார்க் கோமகனின் உடல் வெட்டுக் காயங்களால் சிதைந்து கிடந்த நிலையைக் கூறுமிடத்தில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. அங்கு அது இழிவோ நகைப்போ கலவாத, துயர் தோய்ந்த சொல்லாகவே நிற்கிறது. இன்று கடைத்தெருவில் வழங்கும் இச்சொல்லை அந்நாடகத்தில் முதன்முதலாகக் காணும் படிப்பாளர் சற்றே திகைப்பது இயல்பு.

இச்சொல்லின் அடி, வெட்டுதலைக் குறிக்கும் ‘ஹேக்’ என்னும் இடைக்கால ஆங்கில வினை. இது வட இங்கிலாந்து வட்டார வழக்கிலும் ஸ்காட்லாந்து வழக்கிலும் நெடுங்காலம் நிலைத்திருந்தது. இதன் மூலம் பழைய நார்சு மொழியின் ‘ஹொக்வா’ என்னும் வினையாகும். ‘வெட்டுதல்’, ‘ஓங்கி அடித்தல்’ என்பன அதன் பொருள்கள். 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே நாடுகளிலிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். 866ஆம் ஆண்டில் யார்க் நகரைக் கைப்பற்றினர். அவர்தம் மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொற்கள் அரண்மனைக்கோ கோயிலுக்கோ உரியன அல்ல. பெரும்பாலும் அன்றாட வாழ்க்கைக்கு உரியன. கத்தி, முட்டை, சன்னல், வானம் ஆகியவற்றைக் குறிக்கும் இன்றைய ஆங்கிலச் சொற்கள் நார்சு மூலத்தனவே. ‘ஹேகிள்’ என்பதன் அடியும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

நார்சு வினைக்கு இணையான செருமானியச் சொற்கள் பிறவும் உள. மரத்தை வெட்டிச் செதுக்குதலைக் குறிக்கும் ‘ஹ்யூ’ என்னும் ஆங்கில வினையும், அடித்தலையும் வெட்டுதலையும் குறிக்கும் ‘ஹவுவன்’ என்னும் செருமன் வினையும் ஒரே வேரின. அறுக்கப்பட்ட புல் என்னும் கருத்தில் வைக்கோற்புல்லைக் குறிக்கும் ‘ஹே’ என்னும் பெயரும், பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துள் வந்த ‘ஹோ’ என்னும் களைக்கொத்தின் பெயரும் இவ்வேரைச் சார்ந்தனவே. ஆகவே, புல்லறுப்பும் களைகொத்தலும் விலை பேசுதலும் ஆங்கிலத்தில் சொற்பிறப்பு அளவில் உறவுடையன.

‘ஹேகிள்’ என்பதன் இறுதியில் நிற்கும் ‘-ல்’ என்னும் ஒட்டு தனிக் கவனத்திற்குரியது. ஆங்கிலத்தில் இது ஒரு செயல் மீண்டும் மீண்டும் சிறுசிறு அளவில் நிகழ்வதை உணர்த்தும் ஒட்டாக வழங்கியது. ‘ஸ்பார்க்’ என்பது ஒரு தீப்பொறி. ‘ஸ்பார்கிள்’ என்பது இடைவிடாது மினுமினுத்தல். ‘கிராக்’ என்பது ஒருமுறை வெடித்தல்; ‘கிராகிள்’ என்பது தொடர்ந்து படபடவென வெடித்தல். அம்முறையில் ‘ஹேக்’ என்பது வெட்டுதல் எனின், ‘ஹேகிள்’ என்பது ஒரே வீச்சில் துணிக்காமல் கொத்திக் கொத்தி வெட்டுதலாகும். தமிழில் இப்பொருளை அடுக்குத்தொடர் தருகிறது. கூரிய வாளால் துணிப்பவன் செயலன்று இது. மழுங்கிய கருவியால் பலமுறை வெட்டுபவன் செயல். பின்னாளில் இச்சொல் பெற்ற சிறுமைப் பொருளுக்கான வித்து இந்த ஒட்டிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

ஓசை ஒப்புமை கொண்டு, கிழவியையும் சூனியக்காரியையும் இழிவாகக் குறிக்கும் ‘ஹேக்’ என்னும் ஆங்கிலப் பெயரோடு இச்சொல்லை இணைத்தல் பொருந்தாது. அப்பெயர் பழைய ஆங்கிலத்திற்கே உரிய வேறொரு சொல்லின் குறுக்கம். சந்தையில் வாதாடும் முதியவள் என்னும் கற்பனை அத்தகைய இணைப்பிற்கு இடந்தரினும், சொல் வரலாறு இடந்தரவில்லை.

3. வெட்டிலிருந்து விலைக்கு

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இச்சொல் வாதிடுதலையும் விலையில் பிணங்குதலையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. கேட்கப்பட்ட விலையைச் சிறிது சிறிதாக வெட்டிக் குறைத்தல் என்னும் உருவகமே இம்மாற்றத்திற்குக் காரணமென அறிஞர் கருதுவர். விற்பவர் வைத்த தொகை ஒரு மரக்கட்டை போன்றது. வாங்குபவர் அதன் ஓரங்களைக் கொத்திக் கொத்திச் சிறிதாக்குகிறார். உடலையும் மரத்தையும் சிதைத்த செயல் தொகையைச் சிதைக்கும் செயலாயிற்று. பருப்பொருளிலிருந்து நுண்பொருளுக்குச் செல்லும் இவ்வழி பொருண்மை மாற்றத்தில் பெருவழக்கான ஒன்று.

இம்மாற்றத்தோடு இலக்கண மாற்றமும் உடன் நிகழ்ந்தது. வெட்டுதற்பொருளில் இச்சொல் செயப்படுபொருள் குன்றா வினை. வெட்டப்படும் பொருள் ஒன்றை வேண்டி நின்றது. விலைப்பொருளில் அது செயப்படுபொருள் குன்றிய வினையாயிற்று. இன்றைய ஆங்கிலத்தில் ஒருவர் விலையை ‘ஹேகிள்’ செய்வதில்லை. விலை குறித்து, மற்றொருவரோடு ‘ஹேகிள்’ செய்கிறார். வெட்டுபவன், வெட்டுண்பது என்னும் உறவு மறைந்து, இருவர் எதிரெதிர் நின்று செய்யும் செயலாக அது அமைந்துவிட்டது. இதனால் விற்பவரும் வாங்குபவரும் ஒருசேர இவ்வினைக்கு எழுவாயாக இயலும்.

1755ஆம் ஆண்டில் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி இவ்விரு நிலைகளையும் தனித்தனியே பதிவு செய்துள்ளது. குன்றா வினையாக வரும்போது வெட்டுதல், சிதைத்தல் என்னும் பொருள்களும், குன்றிய வினையாக வரும்போது விலைக்கு வர நெடுநேரம் இழுத்தடித்தல் என்னும் பொருளும் அதில் தரப்பட்டுள்ளன. இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஜான்சனின் விளக்கத்தில் வஞ்சகமோ பேராசையோ முதன்மை பெறவில்லை. காலத்தாழ்வே முதன்மை பெறுகிறது. அதாவது, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இச்செயலின் குற்றம் அதன் சலிப்பூட்டும் நீட்சியே. வெட்டுதற்பொருள் பின்னர்ப் படிப்படியாக வழக்கொழிந்து, விலைப்பொருளே எஞ்சியது.

இன்றைய வழக்கில் இச்சொல்லின் பொருட்கூறுகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, வேறுபாடு சிறுதொகை பற்றியது. இரண்டாவது, பேச்சு பலமுறை முன்னும் பின்னும் செல்வது. மூன்றாவது, முடிவு சொல்லுக்குள் அடங்காதது. இம்மூன்றாவது கூறே இதனை ‘பார்கெயின்’ என்பதிலிருந்து பிரிக்கிறது. ‘பார்கெயின்’ என்பது பேசுதலையும் குறிக்கும். பேசி முடித்த உடன்பாட்டையும் குறிக்கும். அதனால் மலிவாகக் கிடைத்த பொருளையும் குறிக்கும். ‘ஹேகிள்’ பேச்சோடு நின்றுவிடுகிறது. அதற்கு விளைவில்லை, முயற்சி மட்டுமே உண்டு. விளைவு சொல்லப்படாத முயற்சி வீண்முயற்சியாகத் தோன்றுதல் எளிது.

4. உடன்பிறப்புச் சொல்: ‘ஹிகிள்’

‘ஹேகிள்’ என்பதன் உயிரொலி திரிந்து ‘ஹிகிள்’ என்னும் சொல் 17ஆம் நூற்றாண்டில் தோன்றியது எனக் கொள்வர். இதனடியாகப் பிறந்த ‘ஹிக்ளர்’ என்னும் பெயர், பண்ணைகளிலிருந்து கோழி, முட்டை, வெண்ணெய் முதலியவற்றை வாங்கி நகரங்களில் விற்ற சிறுவணிகரைக் குறித்தது. வீடுவீடாகச் சென்று விற்றோரும் இப்பெயர் பெற்றனர். பேரம் பேசும் செயலின் பெயர், அச்செயலால் வயிறு வளர்த்த மாந்தரின் பெயராயிற்று.

தாழ்ந்த தொழிலைக் குறித்த இச்சொல்லே பொருளியல் நூலொன்றில் உயர்ந்த இடம் பெற்றது என்பது வியப்புக்குரியது. 1776ஆம் ஆண்டில் வெளியான ஆடம் சுமித்தின் ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூல், முதற்பகுதியின் ஐந்தாம் இயலில் ஒரு சிக்கலை எழுப்புகிறது. பண்டங்களின் மாற்று மதிப்பை உழைப்பைக் கொண்டு அளத்தல் வேண்டும். ஆனால் ஒரு வகை உழைப்பின் கடுமையையும் திறனையும் மற்றொரு வகை உழைப்போடு ஒப்பிட்டு அளக்கும் துல்லியமான கோல் ஏதுமில்லை. அவ்வாறாயின் அம்மதிப்பு எவ்வாறு முடிவாகிறது? சந்தையின் ‘ஹிகிள்’ செய்தலாலும் ‘பார்கெயின்’ செய்தலாலும் அது ஒருவாறு சரிசெய்யப்படுகிறது என்றும், அன்றாட வாழ்வு நடைபெற அத்தோராயமான சமன்பாடே போதும் என்றும் சுமித் விடை கூறுகிறார். அறிவால் அளக்க இயலாததைக் கூடைக்காரியும் வாங்குபவரும் பேசியே அளந்துவிடுகின்றனர் என்பது இதன் உட்கிடை.

ஒரு நூற்றாண்டிற்குப் பின் இதே சொல் வேறொரு நோக்கில் ஆளப்பட்டது. சிட்னி வெப், பியாட்ரிசு வெப் ஆகிய இருவரும் 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தொழில் மக்களாட்சி’ என்னும் நூலில், சந்தையின் ‘ஹிகிள்’ செய்தலைத் தலைப்பாகவே கொண்ட ஓர் இயல் உள்ளது. நுகர்வோர் சில்லறை வணிகரிடமும், அவர் மொத்த வணிகரிடமும், அவர் உற்பத்தியாளரிடமும், இறுதியில் உற்பத்தியாளர் தொழிலாளியிடமும் விலை குறைக்குமாறு நெருக்குகின்றனர். இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் பேரம் நடைபெறுகிறது. ஆனால் நெருக்கடி முழுவதும் கடைக்கண்ணியில் தனித்து நிற்கும் தொழிலாளியின் மீதே இறங்குகிறது. விற்பதற்கு அவரிடம் உள்ளது அன்றைய உழைப்பு ஒன்றே. அதனை நாளைக்கென எடுத்து வைக்க இயலாது. சுமித் கண்ட தோராயச் சமன்பாடு, இருவரும் காத்திருக்க இயன்றவர்களாக இருந்தால் மட்டுமே நிகழும் என்பதை இவ்வாய்வு உணர்த்திற்று.

‘ஹிக்ளர்’ என்னும் சொல் இங்கிலாந்தில் அருகிவிட்டது. ஜமைக்காவில் அது இன்றும் உயிர்ப்புடன் வழங்குகிறது. அடிமை முறை நிலவிய காலத்தில் அங்கிருந்த ஆப்பிரிக்க வழிவந்தோர் தமக்கு விடப்பட்ட சிறு நிலங்களில் விளைந்தவற்றை ஞாயிற்றுச் சந்தைகளில் விற்றனர். 1838ஆம் ஆண்டில் முழு விடுதலை கிட்டிய பின்னரும் ஊர்ப்புற விளைபொருள்களை நகரச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வணிகம், பெரிதும் பெண்களால், தொடர்ந்தது. அவர்களே ‘ஹிக்ளர்’ எனப்பட்டனர். 1980களில் அயல்நாடுகளுக்குச் சென்று பொருள்களை வாங்கி வந்து விற்ற இத்தகைய வணிகர்களுக்கு ‘முறைசாரா வணிக இறக்குமதியாளர்’ என்னும் அலுவல் பெயர் வழங்கப்பட்டது. தொழிலைப் பதிவேட்டில் ஏற்றும்போது பழைய பெயர் விலக்கப்பட்டுப் புதுப்பெயர் சூட்டப்பட்டமை, சொல்லில் படிந்த தாழ்வை அரசும் உணர்ந்திருந்தது என்பதற்குச் சான்று.

5. ஒரே பொருட்களத்துப் பிற சொற்கள்

விலை பேசுதலைக் குறித்த பிற ஆங்கிலச் சொற்களின் வரலாற்றோடு ஒப்பிடும்போது ‘ஹேகிள்’ என்பதன் தனித்தன்மை மேலும் தெளிவாகும்.

‘பார்கெயின்’ பழைய பிரெஞ்சிலிருந்து 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துள் வந்தது. கடன் கொடுத்தலையும் பெறுதலையும் குறித்த செருமானிய வேர் ஒன்று பிரெஞ்சின் வழியாகத் திரும்பி வந்ததே இச்சொல் எனக் கருதப்படுகிறது. கடன் வாங்குதலைக் குறிக்கும் ‘பாரோ’ என்னும் ஆங்கில வினை இதன் உறவு.

பண்டமாற்றைக் குறிக்கும் ‘பார்ட்டர்’ என்பதும் பழைய பிரெஞ்சு வழிப்பட்டதே. அம்மூல வினைக்கு ‘ஏமாற்றுதல்’ என்னும் பொருள் இருந்தது. அப்பொருள் ‘பாரட்ரி’ என்னும் சட்டச் சொல்லில் இன்றும் எஞ்சியுள்ளது. கப்பல் தலைவரோ பணியாளரோ உரிமையாளருக்கு இழைக்கும் வஞ்சகத்தைக் கடல்சார் சட்டம் அச்சொல்லால் குறிக்கும். ஆனால் ‘பார்ட்டர்’ தன் இழிபொருளைக் களைந்து, பொருளியல் நூல்களில் நடுநிலைச் சொல்லாக நிற்கிறது.

‘சேஃபர்’ என்பது வணிகத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லும் செலவைக் குறித்த சொல்லும் இணைந்த தொகை. அதன் முதற்கூறே ‘மலிவு’ எனப் பொருள்படும் ‘சீப்’ என்பதன் மூலம். சிறுவணிகரையும் விடுதி நடத்துவோரையும் குறித்த இலத்தீன் ‘கௌபோ’ என்னும் சொல்லைச் செருமானிய மொழிகள் மிகப் பழங்காலத்திலேயே கடன்பெற்றன. வாங்குதலைக் குறிக்கும் செருமன் ‘கவ்ஃபன்’, வணிகர் துறைமுகம் எனப் பொருள்படும் கோப்பன்ஹேகன் நகரப் பெயர், லண்டனின் பழைய அங்காடித் தெருவான ‘சீப்சைடு’ ஆகியன இதன் வழிவந்தவை. ‘சீப்’ முதலில் பெயர்ச்சொல்லாகச் சந்தையையும் வணிகத்தையும் குறித்தது. ‘நல்ல வணிகம்’ எனப் பொருள்பட்ட தொடரின் குறுக்கமாக மலிவைக் குறிக்கும் பெயரடையாயிற்று. பின்னர்த் ‘தரமற்றது’ என்னும் இழிபொருளும் பெற்றது.

அமெரிக்க வழக்கான ‘டிக்கர்’ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. பத்துத் தோல்கள் கொண்ட கட்டினைக் குறித்த பழைய அளவைப் பெயரிலிருந்து இவ்வினை வந்திருக்கலாம் என்பர். ‘நெகோஷியேட்’ என்பது ‘ஓய்வின்மை’ எனப் பொருள்பட்ட இலத்தீன் தொகைச்சொல்லின் அடியாகப் பிறந்தது. அலுவல் உடையவருக்கே ஓய்வின்மை உண்டு. ஆதலின் அது தொடக்கத்திலிருந்தே மதிப்புடையோர் செயலுக்கு உரியதாயிற்று.

இவ்வொப்பீட்டால் ஓர் உண்மை புலனாகும். மூலத்தில் ஏமாற்றைக் குறித்த ‘பார்ட்டர்’ இன்று மாசற்றது. மூலத்தில் வணிகத்தை மட்டும் குறித்த ‘சீப்’ இன்று இழிவு கலந்தது. ஆகவே, ஒரு சொல்லின் இன்றைய மதிப்பை அதன் பிறப்பு முடிவு செய்வதில்லை. ‘ஹேகிள்’ தாழ்ந்தமைக்கு வெட்டுதல் என்னும் மூலப்பொருளை மட்டும் காரணமாகக் காட்டுதல் நிறைவுடையதாகாது. சொல்லுக்கு வெளியேயும் காரணம் தேடுதல் வேண்டும்.

6. நிலைவிலையும் சொல்லின் தாழ்வும்

பேரம் பேசுதல் ஐரோப்பாவிலும் நெடுங்காலம் எல்லாக் கடைகளிலும் இயல்பான நடைமுறையாகவே இருந்தது. அதற்கு முதலில் அறவழியில் மறுப்பு எழுந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள், கொள்ள எண்ணியதைவிடக் கூடுதலாக விலை கேட்பது பொய்யுரைத்தலே எனக் கருதினர். ‘ஆம்’ என்பது ஆம் என்றே இருத்தல் வேண்டும் என்னும் விவிலியக் கட்டளையை அவர்கள் தராசுக்கும் விரித்தனர். அவ்வியக்கத்தின் தலைவரான ஜார்ஜ் பாக்சு, வணிகர் ஒரே விலை கூறுமாறு வலியுறுத்தினார். குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றப்படாது என்னும் நம்பிக்கை இதனால் வளர்ந்தது; குவேக்கர் வணிகமும் தழைத்தது.

இரண்டாவது காரணம் வணிகத்தின் அளவு. 19ஆம் நூற்றாண்டின் பெருங்கடைகளில் நூற்றுக்கணக்கான பணியாளர் அமர்த்தப்பட்டனர். உரிமையாளரே விற்கும் கடையில் விலையைக் கூட்டவும் குறைக்கவும் அவருக்கு உரிமையும் அறிவும் உண்டு. சம்பளத்திற்கு அமர்ந்த பணியாளரிடம் அவ்வுரிமையை ஒப்படைத்தல் அரிது. நியூயார்க்கில் 1846ஆம் ஆண்டில் பெருங்கடை திறந்த அலெக்சாண்டர் ஸ்டூவர்ட்டும், பாரிசில் 1852ஆம் ஆண்டில் ‘போன் மார்ஷே’ கடையில் பங்காளராகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிகோவும் நிலைவிலை முறையைப் பெருவழக்காக்கினர். விலைச்சீட்டு பொருளின்மீதே ஒட்டப்பட்டது. வாங்குபவர் பேச வேண்டிய தேவை நீங்கிற்று.

பேசத் தேவையற்ற கடைகள் நடுத்தட்டு மக்களுக்கு உரியனவாகவும், பேசி வாங்கும் இடங்கள் ஏழையரின் தெருவோரச் சந்தைகளாகவும் பிரிந்தன. இதன்பின் ‘ஹேகிள்’ ஒரு செயலின் பெயராக மட்டும் நில்லாமல் ஒரு வகுப்பின் அடையாளமாயிற்று. கீழைநாடுகளுக்குச் சென்ற ஆங்கிலப் பயணியர் அங்காடிகளை வருணிக்கையில் இச்சொல்லை மிகுதியாக ஆண்டனர். தம் பாட்டனார் லண்டனில் செய்த அதே செயல், கெய்ரோவிலும் தில்லியிலும் காணப்பட்டபோது அந்நாட்டு மக்களின் இயல்பாக எழுதப்பட்டது. செயல் மாறவில்லை, அதனைச் செய்வோர் யார் என்பது மாறிற்று. அதனோடு சொல்லின் மதிப்பும் மாறிற்று.

ஆயினும் பெருந்தொகைகளில் பேரம் ஒருபோதும் ஒழியவில்லை. வீடு, நிலம், நிறுவனங்கள், படைக்கலங்கள் ஆகியவற்றின் விலை இன்றும் மேலைநாடுகளில் பேசியே முடிவு செய்யப்படுகிறது. அங்கெல்லாம் வழங்கும் சொல் ‘நெகோஷியேட்’ என்பதே. சிறுதொகைக்குப் பேசுதல் சிறுமையெனவும் பெருந்தொகைக்குப் பேசுதல் திறமையெனவும் கருதும் மனப்பாங்கை ஆங்கிலச் சொற்றொகுதி இவ்வாறு பதிந்து வைத்துள்ளது.

7. சொற்றேர்வும் உரிமையும்

இச்சொல் வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தொழிலாளர் சங்கங்கள் ஊதியத்திற்காகப் பேசும் செயலுக்கு ‘கூட்டுப் பேரம்’ எனப் பொருள்படும் தொடரைப் பியாட்ரிசு வெப் 1891ஆம் ஆண்டில் ஆக்கினார். ‘பார்கெயின்’ என்பதை அவர் தேர்ந்தமையால் பேச்சும் அதன் விளைவான உடன்பாடும் ஒரே சொல்லுள் அடங்கின. 1949ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 98ஆம் எண் உடன்படிக்கையின் தலைப்பிலேயே அத்தொடர் இடம்பெற்று, உரிமையின் பெயராயிற்று. அவ்விடத்தில் ‘ஹேகிள்’ நின்றிருக்குமாயின் அது உரிமையாக ஒலித்திராது, தொல்லையாகவே ஒலித்திருக்கும்.

‘பார்கெயின்’ என்பதும் எல்லா இடங்களிலும் தயக்கமின்றி ஏற்கப்படுவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனைக் குறைப்புப் பெறும் நடைமுறை ஆங்கிலத்தில் ‘பிளீ பார்கெயினிங்’ எனப்படும். இந்தியாவில் இது 2006ஆம் ஆண்டு முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது. அதற்கு மாற்றாக 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பாரதிய நாகரிக் சுரட்சா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. இயலின் தலைப்பு பேரத்தைக் குறிக்கும் சொல்லைத் தாங்கினும், உள்ளே வரும் பிரிவுகள் இருதரப்பும் மனநிறைவு கொள்ளும் தீர்வு எனப் பொருள்படும் தொடரையும் ஆள்கின்றன. அவ்வாறே, 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு நிருவாகத்தோடு பேசும் உரிமை பெற்ற சங்கத்தை ‘நெகோஷியேட்’ என்பதன் அடியாகப் பிறந்த தொடராலேயே குறிக்கிறது. நீதிமன்றமும் தொழிற்சாலையும் சந்தையாகத் தோன்றலாகாது என்னும் கருத்து இத்தேர்வுகளில் வெளிப்படுகிறது எனலாம்.

8. தமிழில் பெயர்த்தல்

இந்திய மொழிகள் பலவற்றில் இச்செயலின் பெயர் வெட்டுதலைச் சார்ந்ததன்று. இந்தியின் ‘மோல்-பாவ்’ விலையையும் விலைவிகிதத்தையும் குறிக்கும் இரு பெயர்களின் இணை. மலையாளத்தின் ‘விலபேசல்’, தமிழின் ‘விலை பேசுதல்’ ஆகியன பேச்சையே சுட்டுகின்றன. தமிழில் பேரம் முடிவுறுதலைக் குறிக்கும் வினை ‘படிதல்’ ஆகும். கலங்கிய நீர் தெளிந்து வண்டல் படிவதுபோல் விலை படிகிறது; ‘கட்டுப்படியாகும்’ என்னும் வழக்கும் இக்கருத்தினதே. ஆங்கில உருவகத்தில் ஒருவர் வெட்ட மற்றவர் இழக்கிறார். தமிழ் உருவகத்தில் இருவர் பேச விலை தானே தன்னிலையை அடைகிறது. மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்களைப் பற்றித் தொகையை உணர்த்தும் முறையில் வாய்ப்பேச்சே இல்லை. எனினும் அதற்கும் வழங்கும் பெயர் ‘பேரம் பேசுதல்’ என்பதே.

ஆதலின் ‘ஹேகிள்’ என்பதற்குப் ‘பேரம் பேசுதல்’ என்னும் பெயர்ப்பு செயலைத் தரினும் மதிப்பீட்டைத் தருவதில்லை. மூலத்தில் சிறுமைக் குறிப்பு இன்றியமையாததாயின் ‘காசு காசாகப் பேரம் பேசுதல்’, ‘விலைக்கு மல்லாடுதல்’, ‘இழுபறி செய்தல்’ என இடத்திற்கேற்பப் பெயர்க்கலாம். மூலத்தில் அக்குறிப்பு இல்லாதவிடத்துத் தமிழில் அதனைப் புகுத்துதலும் தகாது.

மறுதலையான இடரும் உண்டு. ‘குதிரைப் பேரம்’ என்னும் தொடர் ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு. ஆங்கிலத்தில் அது விட்டுக்கொடுத்துப் பெறும் கடுமையான பேச்சையும் குறிக்கும். இந்திய அரசியல் வழக்கில் அது சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களை விலைக்கு வாங்குதலையே குறிக்கிறது. இவ்வழக்கால் செய்தித்தாள் தமிழில் ‘பேரம்’ என்னும் சொல் தனித்து நிற்கையிலும் கையூட்டின் நிழல் அதன்மேல் விழுகிறது. அதே சொல்லையே ‘கூட்டுப் பேரம்’ என்னும் உரிமைப் பெயரும் தாங்கி நிற்கிறது. சந்தைப் பேரம், அரசியல் பேரம், தொழிற்சங்கப் பேரம் ஆகிய மூன்றையும் அகராதிகள் தனித்தனிப் பொருளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மதிப்புக் குறிப்பையும் சுட்டுதல் நலம்.

9. முடிவுரை

வடகடல் கடந்து வந்தோரின் வெட்டுவினை, சிறுமையும் தொடர்ச்சியும் உணர்த்தும் ஒட்டினைப் பெற்று, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலைப்பேச்சின் பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டில் சலிப்பூட்டும் தாமதத்தைக் குறித்தது. நிலைவிலை பரவிய பின்னர் ஏழையரின், அயலாரின் செயலைக் குறிக்கும் தாழ்வுச் சொல்லாயிற்று. அதன் உடன்பிறப்பான ‘ஹிகிள்’ பொருளியல் கோட்பாட்டில் இடம்பெற்ற போதிலும் இவ்விழிவிலிருந்து மீளவில்லை. வேர்ச்சொல்லை மட்டும் அறிவதால் இவ்வரலாறு விளங்காது. யார் பேசினர், யாரைப் பற்றி எழுதினர் என்பதையும் அறிதல் வேண்டும்.

மாலையில் வாடப்போகும் கீரையை விற்பவருக்கு ஐந்து ரூபாய் பற்றிய பேச்சு சிறிதன்று. அப்பேச்சுக்கு எச்சொல்லை இடுவது என்பது மொழிபெயர்ப்பாளரின் முன்னும் செய்தியாளரின் முன்னும் நிற்கும் கேள்வி. ஒரே செயலைச் செய்யும் இருவருக்கு இருவேறு சொற்களை வழங்குமுன், அவ்வேறுபாடு செயலில் உள்ளதா, ஆளில் உள்ளதா என்று ஆராய்ந்து எழுதுதல் அவர்தம் கடனாகும்.